கலப்பை, காளை, கோழிக்குஞ்சு: அஞ்சல்தலை சேர்ப்பவர்களுக்குச் சில குறிப்புகள்

ஐதராபாத்துக்குப் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், ஊரிலிருந்து வந்த பழைய கடிதங்கள் பரணில் ஏதோ ஒரு தகரப் பெட்டியில் கிடக்கும். உப்பலில் வாடகை வீடு மாறும்போது அவற்றை அப்படியே பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். போடுமுன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். இந்திய உழவின் கதை அந்த உறைகளின் மூலையில் ஒட்டியிருக்கும்.

1. முதலில் தேட வேண்டியது 1979 முதல் வந்த அன்றாடப் புழக்கத் தொடர். 10 காசில் பாசனக் கால்வாய், 25 காசில் கோழிக்குஞ்சு, 30 காசில் மக்காச்சோள அறுவடை, 50 காசில் பால் பண்ணைப் பெண், 1 ரூபாயில் பருத்திச் செடி, 5 ரூபாயில் ரப்பர் பால் வடிப்பு. லட்சக்கணக்கில் அச்சானவை என்பதால் விலை மலிவு. சேர்க்கத் தொடங்குகிறவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

2. உறையிலிருந்து அஞ்சல்தலையைக் கிழிக்கும் முன், முத்திரையைப் படியுங்கள். ஊர்ப் பெயரும் தேதியும் தெளிவாக விழுந்திருந்தால் உறையை முழுசாக வையுங்கள். வெறும் பருத்திச் செடித் தலைக்குப் பெரிய மதிப்பு கிடையாது. அதே தலை, பருத்தி விளையும் ஆதிலாபாத் முத்திரையோடு, முகவரி எழுதிய உறையில் இருந்தால் அது ஓர் ஆவணம். முத்திரையைப் பார்க்காமலே கத்தரித்து ஆல்பத்தில் ஒட்டும் பழக்கம்தான் இந்தியாவில் எத்தனையோ நல்ல உறைகளை அழித்திருக்கிறது. இதில் எனக்குச் சமரசமே கிடையாது. சந்தேகமாக இருந்தால் வெட்டாதீர்கள்.

3. முத்திரை மையாக அப்பிக் கிடக்கிறதா? அப்போது மட்டும் தலையைச் சுற்றி ஒரு விரற்கடை காகிதம் விட்டு வெட்டி, அகலமான தட்டில் வெதுவெதுப்பான நீரில், படம் மேலே தெரிய மிதக்க விடுங்கள். கால் மணி நேரத்தில் தானே கழன்று வரும். மைதாப் பசை தடவி ஒட்டியதென்றால் இன்னும் நேரமாகும். பொறுங்கள், உரிக்காதீர்கள். சிவப்பு, பச்சை நிற உறைத் துண்டுகளைத் தனித் தட்டில் போட வேண்டும். சாயம் இறங்கினால் மற்ற தலைகளும் வீணாகும். ஊதா மை முத்திரை உள்ளதை நனைக்கவே வேண்டாம்.

4. காய வைக்கச் செய்தித்தாள் ஆகாது, அச்சு மை ஒட்டிக்கொள்ளும். பழைய வெள்ளை வேட்டித் துணி போதும். முக்கால்வாசி காய்ந்ததும் கனமான புத்தகத்துக்குள், இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவே ஓரிரவு வையுங்கள்.

5. மலிவானவை சேர்ந்த பிறகு பழையவற்றுக்குப் போகலாம். குடியரசு நாளான 26.1.1950 அன்று வந்த நான்கு தலைகளில், 4 அணாத் தலையில் கதிரும் கலப்பையும் உண்டு. குடியரசு இந்தியாவின் உழவுத் தலைகளை வரிசைப்படுத்த இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அடுத்தது 1955இன் ஐந்தாண்டுத் திட்டத் தொடர். 3 பை மதிப்பில் டிராக்டர், 9 பை மதிப்பில் மாடு பூட்டி நீர் இறைக்கும் கிணறு, 4 அணாவில் காளைகள், 5 ரூபாயில் சிந்திரி உரத் தொழிற்சாலை. டிராக்டரையும் கிணற்று மாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த ஆண்டுகளின் நாடு எங்கே நின்றது, எங்கே போக நினைத்தது என்று இரண்டு சிறு காகிதங்களில் தெரியும். 1968 ஜூலையில் வந்த 20 காசு ‘கோதுமைப் புரட்சி’த் தலை இந்த வரிசைக்கு இயல்பான அடுத்த படி.

6. சிந்திரித் தலை கிடைத்தால் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். 1955இல் வந்ததில் நட்சத்திர நீர்க்குறி தெரியும், சில ஆண்டுகள் கழித்து வந்ததில் அசோகர் தூணின் சிங்கமுகம் தெரியும். இரண்டும் வேறு வேறு தலைகள். இரண்டையும் சேர்க்கலாம்.

7. பயன்படுத்தாத பழைய தலை வாங்கும்போது பின்புறக் கோந்தைக் கவனியுங்கள். புதிதாகக் கோந்து பூசி விற்பதுண்டு. ஓரப் பற்களின் நுனியில் கோந்து வழிந்து விறைப்பாக இருந்தால் விலகிவிடுவது நல்லது.

8. கால்நடைக்கென்றே சேர்ப்பவர்கள் 2000ஆம் ஆண்டின் நாட்டு மாட்டினத் தலைகளை விடக்கூடாது. காங்கேயம், காங்கிரெஜ், கிர், ஹள்ளிகார் என நான்கும் ஒன்றோடொன்று சேர்ந்தே அச்சாயின. பிரிக்காமல் நான்காகவே வையுங்கள். நம் கொங்கு நாட்டுக் காளை அஞ்சல்தலை ஏறியது நமக்குப் பெருமை இல்லையா?

9. இலங்கைத் தலைகளையும் பக்கத்தில் சேருங்கள். 1935இல் வந்த தொடரில் 2 சதத்தில் ரப்பர் பால் வெட்டு, 9 சதத்தில் தேயிலைக் கொழுந்து பறிப்பு, 10 சதத்தில் மலைச்சரிவு நெல்வயல் உண்டு. 1965இல் இந்தியா வெளியிட்ட 15 காசுக் கொழுந்து பறிக்கும் தலையை அந்த 9 சதத்தின் அருகே ஒட்டுங்கள். கடல் தாண்டிப்போய் மலையில் உழைத்த நம் மக்களின் வேலையை இவ்வளவு சிறிய இடத்தில் வேறு எதுவும் காட்டாது. பக்கத்தின் அடியில் பென்சிலால் ஆண்டையும் படத்தையும் குறித்து வையுங்கள். பேரப்பிள்ளைகள் கேட்பார்கள்.

10. ஐதராபாத்துக்கே உரியதாக ஒரு பக்கம் வேண்டுமா? நிஜாம் அரசு 1931இல் வெளியிட்ட 4 அணாத் தலையில் உஸ்மான் சாகர் நீர்த்தேக்கம் இருக்கிறது. மறுபக்கம், 2023 மார்ச்சில் டெல்லி சிறுதானிய மாநாட்டில் பிரதமர் வெளியிட்ட தலை. அதே மாநாட்டில்தான் ராஜேந்திரநகரில் உள்ள இந்தியச் சிறுதானிய ஆராய்ச்சி நிறுவனம் உலக அளவிலான சிறப்பு மையமாக அறிவிக்கப்பட்டது.

11. புதிய வெளியீடுகளுக்கு ஆபிட்ஸ் தலைமை அஞ்சலகத்தின் அஞ்சல்தலைப் பிரிவுக்குப் போகலாம். உப்பலில் மெட்ரோ ஏறி அமீர்பேட்டையில் வண்டி மாறி நாம்பள்ளியில் இறங்கினால் கிட்டத்தான். 200 ரூபாய் கட்டி வைப்புக் கணக்குத் தொடங்கிக்கொண்டால் புதுத் தலைகள் வீட்டுக்கே வரும்.

12. மழைக்காலம்தான் எதிரி. ஆல்பத்தைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வையுங்கள், அடுக்கின் கனத்தில் கோந்து ஒட்டிக்கொள்ளும். வெளிச் சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம். மருந்துப் புட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து வைத்து, ஆல்பத்துக்குப் பக்கத்தில் போடுங்கள். அந்துருண்டை கூடவே கூடாது. ராமபாணப் பூச்சிக்குப் பசை என்றால் உயிர். மாதம் ஒருமுறை பக்கங்களைப் புரட்டிக் காற்றாட விடுவதே அதற்கு மருந்து. செல்லோடேப், ஒட்டும் பக்கமுள்ள போட்டோ ஆல்பம் இரண்டும் தலைகளைப் பழுப்பாக்கிவிடும்.

13. ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், 2017இல் அஞ்சல் துறை தொடங்கிய தீன்தயாள் ஸ்பர்ஷ் உதவித்தொகையைப் பற்றிக் கேட்டு வாருங்கள். தேர்வாகும் பிள்ளைக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் என்று அறிவித்த திட்டம் அது. அஞ்சல்தலை வைப்புக் கணக்கோ பள்ளியில் அஞ்சல்தலை மன்ற உறுப்பினர் தகுதியோ வேண்டும். அதனால் கணக்கைப் பிள்ளையின் பெயரிலேயே தொடங்குவது நல்லது.