தாத்தா காலத்துத் தங்க வாட்ச்: எது நியாயமான விலை?



வளையல், சங்கிலி, தோடு என்றால் விலை பார்க்க நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். கையில் வாங்கியதுமே இத்தனை பவுன் தேறும் என்று சொல்லிவிடுவோம். ஆனால் டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு பழைய தங்க வாட்ச் வெளியே வந்தால் மட்டும் குழப்பம்தான். அது நகையா, கடிகாரமா? நகைக் கடைக்குப் போவதா, வாட்ச் கடைக்குப் போவதா?

கூட்டமைப்புக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் இதைத்தான் கேட்டார். அவருடைய மாமனார் சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது வாங்கிய வாட்ச். மகளுக்கு நர்சிங் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். பழைய சாமான் வாங்கும் ஒருவர் வீட்டுக்கே வந்து, "பழசுதானேம்மா, ஓடவும் இல்ல. நாப்பதாயிரம் தர்றேன், இப்பவே வாங்கிக்கோங்க" என்றாராம். கொடுக்கலாமா என்பது அவர் கேள்வி. சிங்கப்பூர், மலேயா, இலங்கை என்று போய் வந்தவர்கள் நம் ஊர்களில் நிறைய. இந்தக் கேள்வி இன்னும் பல வீடுகளில் வரும் என்பதால் இந்த மாதப் பாடமாகவே எழுதுகிறோம்.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். தங்க வாட்சுக்கு இரண்டு விலை உண்டு. ஒன்று, உருக்கினால் கிடைக்கும் தங்கத்தின் விலை. இன்னொன்று, கடிகாரமாக வாங்குபவர் கொடுக்கும் விலை. தங்க விலைதான் தரை. வாட்ச் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதற்குக் கீழே போக வேண்டியதில்லை. ஓடாத வாட்சில் தங்கம் குறைந்துவிடுவதில்லையே!

முழுத் தங்கமா, முலாமா?

மஞ்சளாக மின்னுவதெல்லாம் தங்கம் இல்லை. பழைய எச்.எம்.டி. வாட்சுகளில் மஞ்சளாக இருப்பவை பெரும்பாலும் முலாம் பூசியவை. வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. வாட்ச் மெக்கானிக்கிடம் கொடுத்து, பின்மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். நாம் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்க வேண்டும். மூடியின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் முத்திரை இருக்கும். 18 கே அல்லது 750 என்றிருந்தால் 18 காரட், அதாவது நூற்றுக்கு 75 பங்கு தங்கம். 14 கே அல்லது 585 என்றால் 14 காரட். 375 என்றால் 9 காரட். இங்கிலாந்தில் செய்த கூடுகளில் இந்த 9 காரட் நிறைய வரும். சுவிட்சர்லாந்தில் செய்த கூடு என்றால் எண்ணோடு ஒரு சின்னமும் இருக்கும். 1995 வரை 18 காரட்டுக்கு ஒரு பெண்ணின் தலை, 14 காரட்டுக்கு ஓர் அணில். அதற்குப் பிறகு வந்தவற்றில் நாயின் தலை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் தெரியும்.

916 என்று தேடாதீங்க. 22 காரட் தங்கம் மெத்தென்று இருக்கும், அடிபட்டால் நசுங்கும் என்பதால் வாட்ச் கூட்டுக்குப் பெரும்பாலும் 18 காரட்டும் அதற்குக் குறைந்ததும்தான் போடுவார்கள். "இது 916 இல்லம்மா, கலப்படத் தங்கம்" என்று யாராவது சொன்னால், அவருக்குத் தெரியவில்லை, அல்லது நமக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

எண்ணை மட்டும் பார்த்து நம்பிவிடவும் கூடாது. "14 கே" என்று போட்டு, பக்கத்திலேயே ஆங்கிலத்தில் "கோல்டு ஃபில்டு" என்றோ, சுருக்கமாக "ஜி.எஃப்." என்றோ இருந்தால் அது வேறு உலோகத்தின் மேல் தங்கத் தகடு ஒட்டியது. "ரோல்டு கோல்டு", "10 மைக்ரான்", "20 மைக்ரான்" எல்லாம் இதே சாதிதான். பாக்கெட் கடிகாரத்தில் "20 வருட உத்தரவாதம்" என்று பொறித்திருந்தால் அதுவும் தகடுதான். மேலே உள்ள தங்கம் தேயாமல் இருக்கும் என்பதற்குத்தான் அந்த வருடக் கணக்கு. பின்மூடியில் "ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்" என்று இருந்தால் மூடி எஃகு. பட்டை கோர்க்கும் கொம்புகளின் ஓரத்தைப் பாருங்கள். தேய்ந்த இடத்தில் வெள்ளையாகவோ செம்பு நிறமாகவோ தெரிந்தால் முலாம்.

நகைக் கடையில் காரட் மீட்டரில் வைத்துப் பார்ப்பார்கள். அது மேற்பரப்பைத்தான் படிக்கும், தடித்த முலாமையும் தங்கம் என்று காட்டிவிடலாம். ஆகவே முத்திரையையும் மீட்டரையும் சேர்த்துப் பாருங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் பி.ஐ.எஸ். அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையத்தில் கட்டணம் கட்டிச் சோதிக்கச் சொல்லலாம்.

எடை பார்க்கும் இடம்

ஏமாறுவது இங்கேதான். வாங்குபவர் ஏமாற்றுவதும் உண்டு, நாமே ஆசைப்பட்டுத் தப்புக் கணக்குப் போடுவதும் உண்டு. முழு வாட்சையும் தராசில் வைத்து, அன்றைய 22 காரட் விலையால் பெருக்கி, மூன்று லட்சம் வரும் என்று வீட்டில் சொல்லிவிட்டால், அப்புறம் எந்த நியாயமான விலையும் நமக்குக் கம்மியாகத்தான் தெரியும். உள்ளே இருக்கும் மெஷின், டயல், கண்ணாடி, முள் எதுவும் தங்கக் கணக்கில் வராது. மெக்கானிக்கை விட்டு மெஷினை வெளியே எடுத்து, கூட்டையும் மூடியையும் மட்டும் எடை போட வேண்டும். மெஷினைத் தூக்கிப் போடாமல் அப்படியே திரும்ப மாட்டச் சொல்லுங்கள், அதற்குத் தனி மதிப்பு இருக்கலாம்.

செயின் இருந்தால் அதற்குத் தனி முத்திரை தேடுங்கள். கூடு ஒரு காரட், செயின் வேறொரு காரட் என்பது சகஜம். நம் ஊர் ஆசாரியிடம் கொடுத்துச் செயின் போட்டவர்களும் உண்டு. பெண்கள் வாட்சில் கூட்டைவிடச் செயின்தான் கனமாக இருக்கும்.

கேள்வி கேட்ட உறுப்பினரின் வாட்சில் 750 முத்திரையும் பெண் தலையும் இருந்தன. பட்டை நீக்கி முழு எடை 28 கிராம், கூடு மட்டும் 11 கிராம். இப்போது கணக்கு. 22 காரட் கிராம் விலை ரூ.11,000 என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம் (நீங்கள் அன்றைய விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்). 22-ஆல் வகுத்தால் ஒரு காரட்டுக்கு ரூ.500. 18 காரட் என்றால் கிராமுக்கு ரூ.9,000. 11 கிராமுக்கு ரூ.99,000. இதுவே 14 காரட்டாக இருந்தால் ரூ.77,000, 9 காரட் என்றால் ரூ.49,500. ஒரே எடை, எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்! வீட்டுக்கு வந்தவர் சொன்ன நாற்பதாயிரம் எதிலும் சேரவில்லை.

உருக்குக் கழிவு என்று கொஞ்சம் பிடிப்பார்கள். நூற்றுக்கு இரண்டு, மூன்று என்றால் பேசலாம். பத்து, பதினைந்து என்றால் எழுந்து வந்துவிடலாம் என்பது எங்கள் கருத்து.

தரைக்கு மேலே எவ்வளவு?

இது கம்பெனியைப் பொறுத்தது. ஒமேகா, ரோலெக்ஸ், லாஞ்சின்ஸ் போன்ற பெயர் இருந்து, உள்ளே மெஷினும் அதே கம்பெனியுடையதாக இருந்து, டயல் பழைய டயலாகவே இருந்தால், சேகரிப்பவர்கள் தங்க விலைக்கு மேல் கொடுப்பார்கள். சில மாடலுக்குப் பல மடங்கு. பெயர் தெரியாத கம்பெனி என்றால் தங்க விலையோடு கொஞ்சம் சேர்ந்தாலே நல்லது. பெண்களுக்கான சின்ன வாட்சுக்குச் சேகரிப்பவர்களிடம் கிராக்கி குறைவு. பெரும்பாலும் தங்க விலையோடு நின்றுவிடும். வருத்தம்தான், ஆனால் உள்ளது இதுதான்.

டயலுக்குப் புது பெயின்ட் அடிப்பது, வேறு வாட்சின் உதிரிகளைப் போட்டு விற்பது நம் சந்தையில் தாராளமாக நடக்கிறது. நம் உறுப்பினரின் வாட்சும் அப்படித்தான். எப்போதோ ரிப்பேருக்குக் கொடுத்தபோது டயலைப் புதிதாக எழுதிவிட்டார்கள். எழுத்து கோணல்மாணல். அதனால் அவர் தங்க விலைக்குச் சற்று மேலே கேட்பதுதான் பொருத்தம் என்று சொன்னோம். அவர் வாட்ச் கடை ஒன்று, நகைக் கடை இரண்டு என்று மூன்று இடத்தில் விலை கேட்டு வருகிறார்.

விற்கும் முன் சுத்தம் செய்கிறோம் என்று புளி, சீயக்காய், பூந்திக்கொட்டை போட்டுத் தேய்க்காதீங்க. தண்ணீர் உள்ளே போனால் மெஷின் துருப்பிடிக்கும். பாலிஷும் வேண்டாம். பாலிஷ் போடப் போட முத்திரை அழியும், கொம்புகளின் விளிம்பு மழுங்கும், சேகரிப்பவர் விலையைக் குறைப்பார். பழைய பில், கம்பெனிப் பெட்டி, உத்தரவாதச் சீட்டு எது இருந்தாலும் எடுத்து வையுங்கள். விளம்பரத்தில் "இதே வாட்ச் மூன்று லட்சம்" என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். கேட்கும் விலை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். என்ன விலைக்கு விற்றது என்பதுதான் விலை. ஏலம் மூலம் விற்றால் அதிலும் கமிஷன் பிடிப்பார்கள்.

இன்னும் ஒன்று. மாமனார், கணவர், அப்பா விட்டுப்போன பொருள் என்றால் அதில் மற்றவர்களுக்கும் பங்கு இருக்கலாம். கொழுந்தனார், நாத்தனார், கூடப் பிறந்தவர்கள் எல்லாரிடமும் சொல்லி, தங்கக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டிவிட்டு விற்பது நல்லது. "அண்ணி வாட்சை என்ன பண்ணினாங்களோ" என்ற பேச்சுக்கு இடம் இருக்காது. விற்கும்போது எடை, காரட், கம்பெனி பெயர், கூட்டில் உள்ள எண் எல்லாம் எழுதிய ரசீது வாங்குங்கள். 2 லட்சமோ அதற்கு மேலோ வந்தால் ரொக்கமாக வாங்கச் சட்டம் இடம் தராது. வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள்.