அடுக்குத் தையலுக்கு ஏற்ற யந்திரம் எது?

சென்ற ஆண்டுத் தணிக்கையின்போது, கடற்கரையை அடுத்த ஒரு மகளிர் தையல் சங்கத்தின் இருப்புப் பதிவேட்டைப் பார்வையிட்டேன். அதில் மின்சாரப் பூவேலை யந்திரம் ஒன்று பதிவாகியிருந்தது. பொருளைக் காட்டும்படி கேட்டதற்கு, அறையின் மூலையிலிருந்து தூசி படிந்த பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். பஞ்சு வைத்த போர்வைகள் தைத்து மாமல்லபுரத்துக்கு வரும் பிரயாணிகளுக்கு விற்கலாம் என்று தீர்மானித்துக் கடன் பெற்று வாங்கிய யந்திரம் அது. முதற் போர்வையின் நடுப்பகுதியை எட்டுவதற்குள் மூன்று ஊசிகள் முறிந்தனவாம். அத்துடன் யந்திரம் பெட்டிக்குள் போயிற்று. கடன் தவணை மட்டும் மாதந்தோறும் வந்துகொண்டிருந்தது. யந்திரத்தில் பழுது ஏதும் இல்லை. வேலைக்கும் அதற்கும் பொருத்தம் இல்லை, அவ்வளவே.

இத்தகைய நஷ்டம் வேறு சங்கத்துக்கு நேராதிருக்கும்பொருட்டே இக்கட்டுரையை எழுதலானேன். நமது தையல் சங்கங்களிற் பல பள்ளிச் சீருடை வேலையை நம்பியிருப்பவை. அவ்வேலை ஆண்டு முழுவதும் ஒரே சீராக வருவதில்லை. வேலை இல்லாத மாதங்களில், வெட்டி மிகுந்த துண்டுகளையும் கைத்தறிச் சங்கத்தில் தேங்கும் துண்டுத் துணிகளையும் கொண்டு போர்வை, பை, மேஜை விரிப்பு முதலியன தைப்பது நல்ல யோசனைதான். நமது கரைக்கு இது புதிய சரக்கும் அன்று. 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் சதுரங்கப்பட்டினத்தில் வந்து தங்கியது துணி வாணிகத்துக்காக. சோழமண்டலக் கரையின் வண்ணமெழுதிய பருத்தித் துணி ஐரோப்பாவில் பஞ்சு வைத்துத் தைத்த படுக்கை விரிப்பாகவும் பாவாடையாகவும் பயன்பட்டது. அன்று அவர்கள் அங்கே கையால் தைத்ததை இன்று நாம் இங்கே யந்திரத்தால் தைக்க விரும்புகிறோம்.

அடுக்குத் தையல் என்பது மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி ஆகிய மூன்றையும் சேர்த்து ஊடுருவித் தைப்பது. சட்டைத் தையலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடுகளில் தலையாயது இடம். ஊசிக்கும் வலப்புறத் தூணுக்கும் நடுவே உள்ள இடைவெளி, வீட்டு யந்திரங்களில் ஏறத்தாழ 6 முதல் 8 அங்குலந்தான். 60 அங்குல அகலமுள்ள போர்வையை நடுவிலிருந்து தைக்கத் தொடங்கினால், 30 அங்குலம் சுருளாக அந்த இடைவெளிக்குள் அடங்கவேண்டும். அடுக்கின் கனம் கால் அங்குலமானால், இறுகச் சுருட்டிய சுருளின் குறுக்களவு 3 அங்குலத்துக்குச் சற்று மேற்படும். அரை அங்குலமானால் ஏறத்தாழ நாலரை அங்குலம். கையால் சுருட்டுவது ஒருபோதும் அவ்வளவு இறுக்கமாக அமையாது. சுருளைத் திருப்புவதற்கும் இடம் வேண்டும். ஆகவே மெல்லிய பஞ்சு வைத்த ஒற்றைக் கட்டில் போர்வையை வீட்டு யந்திரத்தில் சிரமப்பட்டுத் தைத்துவிடலாம். கனத்த இரட்டைக் கட்டில் போர்வையைத் தைக்க முடியாது. விற்பவர் யந்திரத்தில் எத்தனை பூத்தையல்கள் உள்ளன என்று எண்ணிக் காட்டுவார். அதை ஒரு புறம் வைத்துவிட்டு, அங்குல நாடாவை எடுத்து இந்த இடைவெளியை முதலில் அளந்து கொள்ளுங்கள். அடுக்குத் தையலுக்கு நேர்த்தையல் ஒன்றே போதும்.

அடுத்தது துணி நகர்தல். யந்திரத்தின் பல் அடித்துணியை மட்டும் பின்னுக்கு இழுக்கிறது. மேல்துணியை அழுத்துபாதம் தடுக்கிறது. நடுவில் பஞ்சு இருப்பதால் மேலும் கீழும் ஒரே அளவில் நகராமல், குறுக்குத் தையல் சந்திக்குமிடங்களில் சுருக்கம் விழும். இதற்கு மேல்துணியையும் உடன் நகர்த்தும் நடைபாதம் என்ற துணைக்கருவி உண்டு. வாங்கும் யந்திரத்துக்கு அது பொருந்துமா என்று கேட்பதோடு நில்லாமல், பொருத்திக் காட்டச் சொல்லுங்கள். அழுத்தத்தைத் தளர்த்தும் திருகு பாதத்தின் மேலே இருக்கிறதா என்பதையும் பார்க்கவேண்டும். வளைந்த கோலம் தைக்க விரும்புவோர் பல்லைக் கீழே இறக்கும் வசதியைத் தேடுவார்கள். பழைய கால்மிதி யந்திரங்கள் பலவற்றில் அது இல்லை. தையல் நீளத்தைச் சூனியத்துக்குக் கொண்டுவந்து, இழையோட்டும் பாதத்தை மாட்டிக்கொண்டால், அவற்றிலும் துணியைக் கையால் நகர்த்தித் தைக்கலாம்.

கால்மிதி யந்திரத்தைப் பற்றி நமது அங்கத்தினர் சிலரிடம் ஓர் இளப்பம் காணப்படுகிறது. சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தின்கீழ் இலவசமாகப் பெற்ற யந்திரத்தை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு மின்சார யந்திரம் வாங்கலாமா என்று ஓர் அம்மையார் என்னைக் கேட்டார். வேண்டாம் என்றேன். இரும்பு வார்ப்பால் ஆன அந்த யந்திரம் கனத்த துணியை மெதுவாகவும் உறுதியாகவும் குத்தும். வேகம் நம் காலில் இருக்கிறது. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் கரை கடந்தபின் நமது பகுதியிற் பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தபோதும் மிதிக்க முடிந்த யந்திரம் அது. (1924-இல் மாணவராயிருந்த ஜி. இராமச்சந்திரன், பிற்காலத்தில் காந்திகிராமத்தை நிறுவியவர்களில் ஒருவர், காந்தியடிகளிடம் யந்திரங்களையெல்லாம் வெறுக்கிறீர்களா என்று வினவியபோது, விலக்காக அடிகள் எடுத்துக்காட்டியது சிங்கர் தையல் யந்திரத்தைத்தான்.)

தொழிற்சாலை ஒற்றை ஊசி யந்திரத்தில் மேற்சொன்ன இடைவெளி 10 அங்குலத்துக்குச் சற்று மேலிருக்கும். முழங்காலால் பாதத்தை அரை அங்குலம் வரை உயர்த்தலாம் என்பதால், இரு கைகளும் போர்வையை விட்டு அகலவேண்டியதில்லை. இதில் மெல்லிய துணிக்கென்றும் கனத்த துணிக்கென்றும் தனித்தனி வகைகள் உண்டு. எது வேண்டும் என்பதை விலைப்புள்ளி கோரும் கடிதத்திலேயே குறிப்பிடாவிட்டால், மலிவு கருதி மெல்லிய துணி வகையே வந்து சேரும். மோட்டாரிலும் கவனம் தேவை. கிளச் மோட்டார் தைக்காதபோதும் ஓடிக்கொண்டே மின்சாரத்தைத் தின்னும். சர்வோ மோட்டார் மிதிக்கும்போது மட்டும் ஓடும், வேகத்தையும் குறைத்து வைக்கலாம். புதிதாகப் பழகுவோருக்கு இதுவே தகும். ஊசிகளும் வேறு. வீட்டு யந்திர ஊசியின் தலைப்புறம் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். தொழிற்சாலை ஊசிக்கு முழுவதும் உருண்டை. ஒன்றை மற்றொன்றில் மாட்டக் கூடாது. அடுக்குத் தையலுக்கு 16-ஆம் எண், மிகக் கனமானால் 18. மேலே நான் குறிப்பிட்ட சங்கத்தில் முறிந்தவை 11-ஆம் எண் ஊசிகள்!

கடைக்குச் செல்லும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். நீங்கள் தைக்கப்போகும் அதே துணியில், அதே பஞ்சை வைத்து, ஒரு முழச் சதுரத்தில் மூன்று மாதிரிகள் எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரர் தரும் மொடமொடப்பான ஒற்றைத் துணியில் எந்த யந்திரமும் அழகாகத் தைக்கும். உங்கள் மாதிரியில் நெடுக்கே ஐந்து, குறுக்கே ஐந்து வரிகள், அங்குலத்துக்கு 8 முதல் 10 தையல் வீதம் ஓட்டிப் பாருங்கள். முடிச்சு பஞ்சுக்குள் மறைந்திருக்கவேண்டும். மேல்நூல் அடிப்புறம் தெரிந்தால் மேல்இறுக்கம் போதவில்லை. திருகித் திருத்தியும் நேராகாவிடில் அந்த யந்திரத்தை விட்டுவிடலாம். கைச்சக்கரத்தை இரண்டு விரலால் சுற்றினால் தடையின்றிச் சுழலவேண்டும். பாபின், ஷட்டில், ஊசித்தட்டு ஆகிய உதிரிகள் செங்கற்பட்டிலோ திருக்கழுக்குன்றத்திலோ கிடைக்குமா என்று அன்றே விசாரித்துக்கொள்ளவேண்டும்.

பஞ்சைப் பற்றி ஒரு சொல். தோட்டத்தில் இலவமரம் வைத்திருக்கும் அங்கத்தினர், நமது இலவம்பஞ்சையே உபயோகித்தால் என்ன என்று கேட்கிறார்கள். இலவின் இழை குட்டை, வழுவழுப்பானது; ஒன்றோடொன்று பற்றாது. தலையணைக்கு அது உகந்தது. போர்வையில் தைத்தால் ஒரு மூலையில் திரளும், ஊசித்துளை வழியே பறக்கும், ஷட்டிலில் புகுந்து அடைக்கும். இலவு காத்த கிளியின் கதை யந்திரத்துக்கும் வந்துவிடும். பட்டையாக விரித்த பருத்திப் பஞ்சே ஏற்றது.

கோவளம் தொடங்கிச் சதுரங்கப்பட்டினம் வரை உப்புக் காற்று இரும்பை விடாது. நாள்தோறும் வேலை முடிந்ததும் ஊசித்தட்டைக் கழற்றித் தூரிகையால் பஞ்சுத் தூசியைத் துடைத்து, ஷட்டில் ஓடும் பள்ளத்தில் ஒரு சொட்டு எண்ணெய் இடவேண்டும். தூசியை எடுக்காமல் எண்ணெய் இட்டால் இரண்டும் சேர்ந்து கம்பளிபோல் இறுகிவிடும். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளே அடைத்து வைக்கும். பருத்தித் துணி உறையே போதும்.

என் யோசனை இது. சங்கம் கனத்துணி வகை ஒற்றை ஊசி யந்திரம் ஒன்றை மட்டும், சர்வோ மோட்டாருடன் வாங்கட்டும். அங்கத்தினர் தத்தம் வீட்டில் கால்மிதி யந்திரத்திலேயே 20 அங்குல அகலமுள்ள பட்டைகளாக அடுக்குத் தையல் போட்டு முடிக்கட்டும். அவ்வளவு அகலம் எந்த யந்திரத்திலும் அடங்கும். மூன்று பட்டைகளைச் சங்க யந்திரத்தில் இணைத்துக் கரை கட்டினால் ஒற்றைக் கட்டில் போர்வை ஆயிற்று. முதல் மூன்று மாதம் பையும் மேஜை விரிப்பும் தைத்து, விற்பனையைக் கண்டபின் இரண்டாம் யந்திரத்துக்குத் தீர்மானம் போடலாம். பெட்டிக்குள் கிடந்த அந்தப் பூவேலை யந்திரத்தையும் இப்போது வெளியே எடுத்துவிட்டார்கள். பைகளின் முகப்பில் சங்கத்தின் பெயரைப் பொறிக்க அது உதவுகிறது. கடன் தவணையில் இன்னும் ஏழு பாக்கி.