வலைமணி வார்க்க இறங்குகிறீர்களா? முதலில் இதை வாசியுங்கள்

முன்னேஸ்வரத்திலிருந்து சிலாபக் களப்பு கிட்டத்தான். களப்பில் வீசுகிற வீச்சுவலையின் அடிக்கயிற்றுக்கு ஈயமணி வேண்டும். மணி தேயும், கழன்று சேற்றில் போகும், திரும்பக் கோர்க்க வேண்டிவரும். வளவில் அடுப்பு மூட்டி மணி வார்த்து விற்க நினைக்கிற பொடியன்களுக்கு, சட்டியைத் தூக்கும் முன் தெரிந்திருக்க வேண்டிய சில விஷயங்கள் இவை.

கையில் கிடைக்கிற ஈயமெல்லாம் ஒன்றல்ல. தோட்டா வார்த்து வேட்டையாடுகிற நாடுகளில், நனைத்த கடதாசிக் கட்டில் சுட்டு, தோட்டா எவ்வளவு விரிகிறது என்று பார்ப்பார்கள். மென்மையான ஈயம் காளான்போல விரியும். அந்திமனி என்ற உலோகம் கூடுதலாகக் கலந்தால் விரிவு குறையும். வலைமணிக்கும் வேண்டியது அந்த மென்மைதான், ஆனால் அதைப் பார்க்க நகமும் தரையும் ஒரு குறடும் போதும். நகத்தால் கீறுங்கள், கோடு விழ வேண்டும். சீமெந்துத் தரையில் போடுங்கள்: நல்ல ஈயம் ‘தொப்’ என்று விழும், கலப்பு ஈயம் ‘ணங்’ என்னும். கயிற்றில் வைத்துக் குறட்டால் நெரிக்கும்போது வெடிக்கிற மணி களப்பில் நிற்காது.

பழைய பற்றரியை உடைத்து ஈயம் எடுக்காதீர்கள். இதில் சமரசமே வேண்டாம். அமிலம் கையைப் பொசுக்கும். தட்டில் கலந்திருக்கும் ஆர்சனிக்கும் அந்திமனியும், உருக்கிக் கழித்த கசடில் ஈரம் பட்டால் நச்சுவாயுவாகக் கிளம்பக்கூடும். கழற்றிய பழைய வலைமணியே நல்ல மூலப்பொருள்.

ஆனால் அதற்குள் ஈரம் இருக்கும். கயிறு போன துவாரத்தில் உப்பும் சேறும் நைலோன் துண்டும் அடைந்து கிடக்கும். அதை அப்படியே உருகிய ஈயத்துக்குள் போட்டால், நீர் ஆவியாகி ஏறத்தாழ 1,700 மடங்கு பெருத்து, சட்டியில் உள்ளதை முகத்தில் வீசிவிடும். கழுவி, நன்றாகக் காயவைத்து, குளிர்ந்த சட்டியில் போட்டு ஒன்றாகச் சூடாக்குங்கள். இடையில் சேர்க்க நேர்ந்தால் முதலில் சட்டி விளிம்பில் வைத்துச் சூடேற்றுங்கள். தூறல் விழுந்தால் வேலையை நிறுத்துங்கள். கண்ணாடி, நீளக் காற்சட்டை, மூடிய சப்பாத்து மூன்றும் கட்டாயம். பாட்டாச் செருப்போடு இந்த அடுப்படிக்கு வரக்கூடாது.

ஈயம் 327 பாகை செல்சியஸில் உருகும். அதற்குச் சற்று மேலே நிறுத்துங்கள். 500ஐத் தாண்டினால் புகை கூடும். அலுமினியச் சட்டி வேண்டாம், இரும்புதான். மணி வார்க்கிற அச்சின் உட்புறத்தைக் குப்பி விளக்குப் புகையில் பிடித்துக் கரி படியவிட்டால் மணி ஒட்டாமல் விழும். முதலில் வருபவை சுருங்கியிருந்தால் அச்சு குளிர் என்று அர்த்தம், திரும்ப உருக்குங்கள். மணியின் மேலே பனி படிந்ததுபோல் வெளுத்தால் சூடு கூடிவிட்டது.

உருகிய ஈயத்துக்குப் பயப்படாதவர் இல்லை. அதைவிடக் கெட்டது தூசி, அதற்குத்தான் யாரும் பயப்படுவதில்லை. கசடு வழிக்கும்போது எழுகிற சாம்பல் விரலில் ஒட்டும், அதே விரல் வெற்றிலையை மடித்து வாயில் வைக்கும். உடம்புக்குள் ஈயம் போகிற முக்கியமான வழிகளில் இது ஒன்று. வெற்றிலை, பீடி, தேத்தண்ணி எல்லாம் சவர்க்காரம் போட்டுக் கை கழுவிய பிறகே. அந்த இடத்தை ஈரத்துணியால் துடையுங்கள், விளக்குமாறு போடாதீர்கள். வேலை உடுப்பைப் பிள்ளைகளின் உடுப்போடு தோய்க்காதீர்கள். உருக்கிய சட்டி ஒருநாளும் குசினிக்குத் திரும்பக்கூடாது. அடுப்பு வீட்டுக்கும் கிணற்றுக்கும் தள்ளி, காற்று வெளியே அடிக்கிற பக்கம் இருக்கட்டும்.

பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான ஈய அளவு என்று எதுவும் அறியப்படவில்லை. இரத்தத்தில் ஒரு டெசிலீற்றருக்கு 5 மைக்ரோகிராம் இருந்தாலே அது எங்கிருந்து வருகிறதென்று தேடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டி. கர்ப்பிணிகளும் சிறுபிள்ளைகளும் அடுப்புப் பக்கமே வரக்கூடாது.

ஈயத்தை விழுங்கி அன்னங்கள் செத்ததால் பிரித்தானியா 1987இல் சிறிய ஈயத் தூண்டில் எடைகளைத் தடைசெய்தது. கலிபோர்னியா 2019 ஜூலையிலிருந்து ஈயத் தோட்டா வேட்டையை முழுதாக நிறுத்தியது, கொண்டோர் கழுகுகளுக்காக. இப்படியொரு தடை ஒருநாள் இங்கேயும் வரலாம். எனவே ஈயத்தை மட்டும் நம்பித் தொழிலைக் கட்டாதீர்கள். வலை பொத்தவும் கயிறு கோர்க்கவும் சேர்த்தே பழகுங்கள்.

வயிற்றுவலி, மலச்சிக்கல், தலையிடி, விடாத களைப்பு வந்தால் டொக்டரிடம் முதல் வசனமாக ‘நான் ஈயம் உருக்குகிறவன்’ என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் இரத்தத்தில் ஈயம் பார்க்க வேண்டுமென்று அவருக்குத் தோன்றாமலே போகலாம்.