வெந்நீர் ஊற்றில் பிறந்த சோதனை

கேள்வி: ஆர்டி-பிசிஆர் சோதனை கொரோனாவுக்காகவே கண்டுபிடிக்கப்பட்டதா? அவ்வளவு சீக்கிரம் எப்படித் தயாரானது?

பதில்: கொரோனாவுக்காக அல்ல. 2020 ஜனவரி இரண்டாம் வாரத்தில் வைரஸின் மரபணு வரிசை வெளியானது. சில நாட்களிலேயே பெர்லின் சாரிட்டே மருத்துவமனைக் குழு வகுத்த சோதனை முறையை உலக சுகாதார அமைப்பு வெளியிட்டுவிட்டது. புதிதாகச் செய்ய வேண்டியிருந்ததெல்லாம், இந்த வைரஸின் மரபணுவில் மட்டும் போய் ஒட்டும் ‘பிரைமர்’களை வடிவமைப்பதுதான். மற்றதெல்லாம் முன்பே கையில் இருந்தது. அதைச் சேர்த்து வைத்தவர்களில் பலர் நோய்ச் சோதனையை மனத்தில் வைத்து உழைத்தவர்களே அல்லர். யெல்லோஸ்டோன் பூங்காவின் கொதிக்கும் ஊற்றுகளில் என்னதான் வாழ்கிறது என்று 1966-இல் தேடிப்போன தாமஸ் பிராக்கும் அவர் மாணவர் ஹட்சன் ஃப்ரீஸும், சுமார் 70 டிகிரி செல்சியஸ் சூட்டில் செழிக்கும் ஒரு பாக்டீரியாவைக் கண்டெடுத்தார்கள். ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றும் நொதியை 1970-இல் டெமினும் பால்டிமோரும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். ‘ஆர்டி’ என்ற முன்னொட்டு அந்த நொதியைக் குறிப்பது. கொரோனா ஆர்என்ஏ வைரஸ் என்பதால் இது இல்லாமல் முதல் படியே ஏற முடியாது.

‘பிசிஆர் என்றால் கேரி மல்லிஸ், 1993-இல் நோபல் பரிசும் அவருக்குத்தானே?’ என்று கேட்கலாம். மரபணுத் துண்டைச் சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாக்கும் எண்ணம் 1983-இல் அவருக்கு உதித்தது உண்மை. முப்பது சுற்றில் ஒன்று நூறு கோடியாகிறது. ஆனால் இரண்டு பிரைமர்களைக் கொண்டு நகலெடுக்கும் யோசனை, ஹர் கோவிந்த் குரானாவின் ஆய்வகத்திலிருந்து 1971-இலேயே கட்டுரையாக வந்திருக்கிறது. தவிர, ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய 95 டிகிரிக்குச் சூடாக்கும்போது நகலெடுக்கும் சாதாரண நொதி கெட்டுவிடும். மறுபடி மறுபடி ஊற்ற வேண்டும். வெந்நீர் ஊற்றுப் பாக்டீரியாவின் நொதி வந்த பிறகே இயந்திரம் தானாக ஓடியது. மல்லிஸின் பங்கு பெரிது. முழுப் பெருமையும் அவருக்கே என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை.

இந்த முறையின் அருமை எச்ஐவியில் நன்றாகத் தெரியும். தொற்றுள்ள தாயின் எதிர்ப்பொருள் குழந்தையின் ரத்தத்தில் 18 மாதம் வரைகூட இருக்கலாம். எதிர்ப்பொருளைத் தேடும் சோதனை அங்கே பயன்படாது. வைரஸின் மரபணுவையே தேடினால் ஆறாவது வாரத்திலேயே தெரிந்து, சிகிச்சையைத் தொடங்கிவிடலாம். கொரோனாவுக்கு வந்தால், ‘குணமான பிறகும் பாசிட்டிவ் காட்டுகிறதே’ என்ற புகார் நியாயமானதுதான். செத்த வைரஸின் துண்டையும் இந்தச் சோதனை பிடித்துவிடும். மரபணு இருக்கிறது என்று சொல்லுமே தவிர, வைரஸ் உயிரோடிருக்கிறதா என்று சொல்லாது. ஆகவே அறிகுறி தெரிந்ததும் எடுங்கள். குணமான பின், மருத்துவர் கேட்டாலொழிய, மறுபடி எடுக்க வேண்டாம்.