முதல் நாவல் எழுதவிருப்பவருக்கு



அதிகாலையில் எழுதுவதா, நள்ளிரவிலா? நாளுக்கு எத்தனை பக்கம்? அத்தியாயத் திட்டம் போட்டுக்கொண்டு தொடங்குவதா, போகிற போக்கில் எழுதுவதா? முதல் நாவலில் இறங்குகிறவர்கள் மூத்தவர்களிடம் கேட்கும் கேள்விகள் இவை. கேட்பதில் தவறே இல்லை. ஆனால் அந்த மூத்தவர்களின் முதல் நாவல்கள் உருவான கதையைப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. அவர்களில் பலரும் முறையைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்கியவர்கள் இல்லை. எழுதும்போது எங்கே இடறினார்களோ, அந்த இடத்தில்தான் அவரவருக்கான வழி கிடைத்திருக்கிறது.

ஹருகி முரகாமி எழுத வந்த காலத்தில் டோக்கியோவில் ஒரு ஜாஸ் மதுக்கூடம் நடத்திக்கொண்டிருந்தார். 1978 ஏப்ரலில் பேஸ்பால் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தபோது நாவல் எழுதலாம் என்ற எண்ணம் வந்தது. ஆட்டம் முடிந்ததும் தாளும் மைப்பேனாவும் வாங்கினார். தினமும் கடையைச் சாத்திய பிறகு சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதி, சில மாதங்களில் ஒரு வரைவை முடித்தார். படித்துப் பார்த்தால் அவருக்கே பிடிக்கவில்லை. இலக்கியம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்ற நினைப்பு எழுத்தை இறுக்கிப் போட்டிருந்தது. உடனே பேனாவை ஒதுக்கிவிட்டு, ஒரு ஆலிவெட்டி தட்டச்சுப் பொறியில் நாவலின் தொடக்கத்தை ஆங்கிலத்தில் அடித்துப் பார்த்தார். அவருக்கு வசப்பட்ட ஆங்கிலச் சொற்கள் கொஞ்சம்தான். வாக்கியங்கள் தாமாகவே குறுகின, அலங்காரம் உதிர்ந்தது. அந்தப் பகுதியை மீண்டும் ஜப்பானிய மொழிக்குக் கொண்டுவந்தபோது புதிய நடை ஒன்று கையில் இருந்தது. அந்த நடையில் முழு நாவலையும் திருப்பி எழுதினார். 1979இல் அது குன்சோ இதழின் புதிய எழுத்தாளர் விருதைப் பெற்றது.

தமிழில் எழுதுகிறவர் இதற்காக ஆங்கிலத்துக்குப் போக வேண்டியதில்லை. படித்த நாவல்களின் குரல் தன் எழுத்தில் ஏறி உட்கார்ந்திருப்பதாகத் தோன்றினால், ஒரு காட்சியை வீட்டில் ஒருவருக்கு வாய்விட்டுச் சொல்லி, அதைக் கைப்பேசியில் பதிவுசெய்து, கேட்டுக் கேட்டு எழுதிப் பார்க்கலாம். பேச்சில் தானாக விட்டுப்போனவை எழுத்திலும் பெரும்பாலும் வேண்டாதவையாக இருக்கும்.

டோனி மாரிசனுக்கு நடை தடையாக இருக்கவில்லை. பொழுதுதான் கிடைக்கவில்லை. ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தபோது, ஒரு எழுத்தாளர் குழுவில் படிப்பதற்காக அவர் ஒரு சிறுகதை எழுதினார். நீலக் கண்கள் வேண்டும் என்று ஏங்கும் கறுப்பினச் சிறுமியின் கதை. பின்னர் மணமுறிவு, இரண்டு மகன்கள், பதிப்பகத்தில் முழுநேர வேலை. அந்தச் சிறுகதையை நாவலாக வளர்க்க அவருக்கு மிஞ்சியது மற்றவர்கள் உறங்கும் நேரம். பிள்ளைகள் விழித்து அம்மாவைத் தேடுவதற்குள் எழுத வேண்டும் என்ற அவசியத்தால்தான் விடியலுக்கு முன் எழுதும் வழக்கம் வந்தது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 'தி புளூவெஸ்ட் ஐ' 1970இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 39.

விடிகாலைதான் படைப்புக்கு உகந்தது என்று இதிலிருந்து முடிவுகட்டிவிட வேண்டாம். தன் நாளில் எந்த நேரம் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கிறது என்பதைத்தான் மாரிசன் கண்டுபிடித்தார். இரவுப்பணி பார்க்கும் செவிலியருக்கும் கைக்குழந்தை வைத்திருப்பவருக்கும் அந்த நேரம் ஒன்றாக இருக்காது.

நைஜீரியாவின் சினுவா அச்செபெ சந்தித்தது வேறு இடர்ப்பாடு. வானொலியில் வேலை பார்த்துக்கொண்டே எழுதிய அவரது முதல் வரைவில், ஓர் இக்போ குடும்பத்தின் மூன்று தலைமுறைகள் ஒரே நூலுக்குள் இருந்தன. எழுதி முடித்த பிறகுதான், கதை பரந்து போய்விட்டது, எந்தத் தலைமுறைக்கும் ஆழம் கூடவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. தாத்தா ஒக்கோன்க்வோவின் கதையை மட்டும் நிறுத்திக்கொண்டு மற்றதை நீக்கிவிட்டார். அதுதான் 1958இல் வந்த 'திங்ஸ் ஃபால் அபார்ட்'. பேரன் ஓபியின் கதை வீணாகவில்லை. 1960இல் தனி நாவலாக வந்தது. முழு வரைவு கையில் இருந்ததால்தான் எங்கே வெட்டுவது என்று அவரால் பார்க்க முடிந்தது. முதல் மூன்று அத்தியாயங்களையே திருத்திக்கொண்டிருந்தால் அது கண்ணில் பட்டிருக்காது.

தமிழிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சுந்தர ராமசாமியின் முதல் நாவலான 'ஒரு புளியமரத்தின் கதை' சரஸ்வதி இதழில் தொடராக வரத் தொடங்கியது. இதழ் நின்றுபோனது. நாவல் நிற்கவில்லை, 1966இல் நூலாக வந்தது. வெளியிலிருந்து ஒருவர் கெடு வைத்தால்தான் எழுத வருகிறது என்பவர்கள், அந்தக் கெடு இல்லாமல் போகும் நாளுக்கும் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

ஆகவே பிறருடைய அட்டவணையை நகல் எடுப்பதைவிட, உங்கள் வேலையை நீங்களே கவனிப்பது பயன் தரும். ஒரு நோட்டில் தினமும் இரண்டு வரி குறியுங்கள்: எப்போது உட்கார்ந்தீர்கள், எந்த இடத்தில் எழுத்து நின்றது. சில வாரங்களில் அது உங்கள் தடையைக் காட்டிக் கொடுக்கும். உட்காரவே முடியவில்லை என்றால் சிக்கல் பொழுதில். உட்கார்ந்தும் வாக்கியம் பொய்யாக ஒலிக்கிறது என்றால் நடையில். பக்கங்கள் சேர்ந்தும் கதை நகரவில்லை என்றால் கட்டுமானத்தில். மூன்றுக்கும் மருந்து ஒன்றில்லை.

கண்டுபிடித்த முறை நிரந்தரம் என்றும் எண்ண வேண்டாம். முரகாமி இரண்டு நாவல்களுக்குப் பிறகு மதுக்கூடத்தை விற்றுவிட்டு, பின்னிரவில் எழுதுவதைக் கைவிட்டு, அதிகாலையில் எழுந்து எழுதுபவரானார். முதல் நூலை எழுதவைத்த முறை அடுத்ததற்கு ஒத்துவராமல் போனால் கலங்காதீர்கள்.

இப்போதைக்கு ஒரே ஒரு வேண்டுகோள். எவ்வளவு குறையோடு இருந்தாலும் இந்த வரைவைக் கடைசி அத்தியாயம் வரை கொண்டுபோங்கள். அதுவரை முதல் அத்தியாயத்தைத் திருத்தத் திரும்பாதீர்கள், யாரிடமும் காட்டாதீர்கள். முடித்ததும் சில வாரம் மூடிவைத்துவிட்டு, ஒரே மூச்சில் படியுங்கள். அதன் பிறகு, உங்களிடம் உண்மை பேசக்கூடிய ஒரு வாசகரிடம் கொடுங்கள்.