புதிய தலைமையாசிரியருக்கு: பெற்றோரைப் பள்ளியோடு சேர்ப்பது குறித்து

அன்புள்ள தம்பிக்கு,

அரசு நடுநிலைப் பள்ளியொன்றில் தலைமையாசிரியராகப் பொறுப்பேற்பவர் முதல் மாதத்திலேயே கூட்ட வேண்டியது பள்ளி மேலாண்மைக் குழு என்பதால், அறிவுரையும் அதிலிருந்தே தொடங்குவது முறை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தன் 21ஆம் பிரிவில், அக்குழுவின் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினராவது அப்பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும் என்றும், உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்றும், நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அவர்கள் விகிதத்துக்கேற்ற இடம் வேண்டும் என்றும் வரையறுக்கிறது. பள்ளி நடைபெறும் விதத்தையும் மானியம் செலவாகும் விதத்தையும் கண்காணிப்பதோடு, பள்ளி வளர்ச்சித் திட்டத்தை, அதாவது வரும் ஆண்டுகளில் எத்தனை மாணவர் சேர்வர், எத்தனை ஆசிரியரும் வகுப்பறையும் தேவைப்படும் என்று மதிப்பிடும் ஆவணத்தை, உருவாக்குவதும் அக்குழுவின் பணியாகும். தமிழ்நாட்டில் குழுவின் தலைவர் பெற்றோருள் ஒருவர்; தலைமையாசிரியர் கூட்டத்தைக் கூட்டுபவர் மட்டுமே. இந்த ஏற்பாடு, பள்ளி பெற்றோருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது என்பதைக் காட்டுவதற்காகவே அமைந்தது. முன்கூட்டியே எழுதிவைத்த தீர்மானத்தின் கீழ்க் கையெழுத்து வாங்குவதோடு முடியும் கூட்டம், சட்டத்தின் சொல்லைக் காப்பாற்றினாலும் அதன் நோக்கத்தைக் கைவிடுகிறது.

ஊர் மக்கள் பள்ளிக்குத் துணைநிற்பது தமிழகத்துக்குப் புதிதன்று. காமராசர் ஆட்சியில் பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் மக்கள் நிலமும் கட்டடமும் தளவாடமும் சீருடையும் தந்தனர்; மதிய உணவும் தொடக்கத்தில் ஊராரின் நன்கொடையைப் பெரிதும் சார்ந்தே நடந்தது. ஆயினும் அந்த ஒத்துழைப்பு பெரும்பாலும் பொருள் சார்ந்தது. பிள்ளை என்ன கற்கிறது, எங்கே தடுக்கி நிற்கிறது என்பதைப் பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்து பேசுவது வேறு வகை ஒத்துழைப்பு. இன்று பெரிதும் குறைவாக இருப்பது அதுவே. அதே கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, பெற்றோரைத் தவறாமல் சந்தித்து, பிள்ளையின் வருகையையும் கற்கும் திறனையும் முன்னேற்றத்தையும் தெரிவிப்பதை ஆசிரியரின் கடமைகளுள் ஒன்றாக வைத்திருப்பதை ஆசிரியர்களுக்கு அடிக்கடி நினைவூட்ட வேண்டும்.

பெற்றோர் படிக்காதவர்கள், அவர்களால் என்ன உதவ முடியும் என்ற பேச்சு ஆசிரியர் அறையில் எழும்போது அதை அப்படியே விட்டுவிடலாகாது. அமெரிக்காவில் நான்சி ஹில், டயானா டைசன் ஆகியோர் நடுநிலை வகுப்பு மாணவர்களைப் பற்றிய முந்தைய ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து 2009இல் வெளியிட்ட பகுப்பாய்வு, வீட்டுப்பாடத்தில் பெற்றோர் செய்யும் உதவிக்கும் தேர்ச்சிக்கும் உறுதியான நேர்த்தொடர்பு காணப்படவில்லை என்றும், படிப்பின் பயனைப் பிள்ளைக்கு உணர்த்துவது, அதனிடம் தாம் எதிர்பார்ப்பதைச் சொல்வது, எதிர்காலத் திட்டத்தைப் பற்றிப் பேசுவது ஆகியவற்றுக்கே வலுவான தொடர்பு உண்டு என்றும் காட்டியது. இவற்றைச் செய்ய எழுத்தறிவு கட்டாயமில்லை. நூறு நாள் வேலையிலிருந்து களைத்துத் திரும்பும் தாய், அன்றைக்கு என்ன படித்தாய் என்று கேட்டு, பிள்ளை சொல்வதை முழுமையாகக் கேட்பதும் இவ்வகையில் சேரும்.

இதையொட்டிய மற்றொரு உண்மையும் உண்டு. அனெட் லாரோ என்னும் சமூகவியலாளர் 1989இல் வெளிவந்த தம் நூலில், உழைக்கும் வர்க்கப் பெற்றோர் பள்ளியிலிருந்து ஒதுங்கி நிற்பது அக்கறையின்மையால் அன்று, கற்பித்தல் ஆசிரியரின் துறை என்று அவர்கள் நம்புவதாலும் தம்மிடம் அதற்கான திறமை இல்லை என்று தயங்குவதாலும் தான் என்று விளக்கினார். கலிபோர்னியப் பள்ளிகளைப் பற்றிய அக்கூற்று இங்கும் பெரிதும் பொருந்துகிறது. வாசலில் நின்றபடியே பேசிவிட்டுத் திரும்பும் தந்தையைப் பொறுப்பற்றவர் என்று எழுதிவிடுவது அநீதி.

ஆகவே முதல் அடி பள்ளியிலிருந்தே எழ வேண்டும். பிள்ளை தவறு செய்த நாளில் மட்டும் பெற்றோரை அழைக்கும் பள்ளிக்கு, அவர்கள் அஞ்சியபடியே வருவர்; பிள்ளை நன்றாக வாசித்த நாளிலும் ஒரு சொல் போனால் அடுத்த அழைப்புக்கு விரும்பி வருவர். கூலி இழந்து வரவேண்டிய நேரத்தில் கூட்டத்தை வைக்காமல், மாலையிலோ வேலையில்லாத நாளிலோ, தேவையானால் குடியிருப்புக்கே சென்றோ நடத்தலாம். ரேங்க் கார்டில் கையெழுத்துக் கேட்பதற்கு முன், அதிலுள்ள மதிப்பெண் எதைக் குறிக்கிறது, எந்தப் பாடத்தில் பிள்ளைக்கு எது இன்னும் பிடிபடவில்லை என்பதைப் பேச்சுத் தமிழில் சொல்ல வேண்டும். கைநாட்டு வைப்பவருக்கு அதைச் சொல்வது இரட்டிப்புக் கடமை. பெற்றோரும் தம் பங்குக்கு, திருவிழா, விருந்து என்று பிள்ளையை அடிக்கடி வீட்டில் நிறுத்திக்கொள்ளாமலும், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைப் பெண்பிள்ளை மீது சுமத்தாமலும் இருக்க வேண்டும் என்று அந்தக் கூட்டத்திலேயே உரிமையோடு கேட்கலாம்.

அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கட்டடத்தையும் மானியத்தையும் பேசுவதற்கு முன், எழுத்துக்கூட்டி வாசிக்க முடியாத பிள்ளைகள் வகுப்புக்கு எத்தனை பேர் என்பதை முதல் பொருளாக வைத்து, ஒருவர் பெயரையும் சபையில் சொல்லாமல், பெற்றோரின் யோசனையைக் கேட்குமாறு வேண்டுகோள்.

அன்புடன்,
அண்ணன்