எல்லா மீனுக்கும் ஒரே மூளை வரைபடமா?

கேள்வி: வரிக்குதிரை மீனின் மூளைக்குப் பொது ‘அட்லஸ்’ இருக்கிறதாமே! மீனுக்கு மீன் மூளை வேறுபடாதா?

பதில்: வேறுபடும். சிக்கலே அங்கேதான். கருவுற்று ஆறு நாளான குஞ்சின் உடம்பு கண்ணாடி மாதிரி. சுமார் ஒரு லட்சம் நரம்பணுக்கள் கொண்ட அதன் மூளையை அறுக்காமலே நுண்ணோக்கியில் முழுதாகப் பார்த்துவிடலாம். பத்துக் குஞ்சுகளின் படங்களை ஒன்றின்மேல் ஒன்று வைப்பதுதான் பெரும்பாடு.

2015இல் ஹார்வர்டிலிருந்து வந்த ‘இசட்-பிரெயின்’ அட்லஸ் இதற்கு ஒரு வழி செய்தது. எல்லாக் குஞ்சுகளுக்கும் மூளை முழுதும் பரவும் ஒரு பொதுச் சாயம். ஆராய வேண்டிய அணுக்களுக்கு மட்டும் இன்னொரு சாயம். பொதுச் சாயத்தின் வடிவம், அடிப்படையாக வைத்த ஒரு மூளையோடு பொருந்தும்வரை கணினி படத்தை இழுக்கும், சுருக்கும். மற்றச் சாயமும் கூடவே நகர்ந்து தன் இடத்தில் அமரும். யார் எங்கே எடுத்த படமானாலும் ஒப்பிடலாம். 2019இல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் குழு தனித்தனி நரம்பணுக்களையே கிளையோடு வரைந்து எல்லோருக்கும் திறந்துவிட்டது. எனக்குப் பிடித்தது இதுதான்.

ஆனால் பொருத்தம் ஓரணு அகலத்துக்குப் பிசகக்கூடும். வரைபடத்தில் இரண்டு அணுக்கள் ஒட்டியிருப்பதாலேயே அவை இணைந்திருப்பதாகச் சொல்லிவிட முடியாது. அதற்கு எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும்.